ஜிகினாவா, மிளகுத்தூளா, பிரெட்டா: கிருமிப் பாடத்துக்கு எது கைகொடுக்கும்?

ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். "கிருமி பற்றி ஒரு பாடம் எடுக்கணும். ஜிகினாத் தூள் வைத்துச் செய்வதா, மிளகுத்தூள் செய்முறையா, பிரெட்டில் பூஞ்சை வளர்ப்பதா? எது பிள்ளைகளுக்குப் புரியும்?" அதன் வாலாகவே இன்னும் இரண்டு வரும்: வகுப்பு வாசலில் சோப்பு வைப்பதா, சானிடைசர் வைப்பதா? மேசையை எதைப் போட்டுத் துடைப்பது?

சின்னப் பிள்ளைகளோடு பல வருடங்களாக இருக்கிறேன். இந்தச் செய்முறைகள் எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்டால் எல்லாமே நன்றாக வேலை செய்த மாதிரிதான் தெரியும். பிள்ளைகள் கண்ணை அகல விரித்துப் பார்ப்பார்கள், வீட்டில் போய்ச் சொல்வார்கள். ஆனால் மறுநாள் கழிவறையிலிருந்து வெளியே வரும் பிள்ளை குழாய்ப் பக்கம் திரும்புகிறதா, நேராக வகுப்புக்கு ஓடுகிறதா? நான் தேர்ந்தெடுப்பது அதை வைத்துத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, பிள்ளையின் மனதில் நிற்கப்போகும் படம் உண்மையானதா. ஆறு வயதில் பதிந்த தப்பான படத்தைப் பிறகு அழிப்பது லேசில்லை. இரண்டாவது, செய்முறை கை கழுவுவதில் போய் முடிகிறதா, வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடுகிறதா. மூன்றாவது, கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் ஆபத்து இல்லையா. நான்காவது, பட்டியலில் வராத செலவு: ஏற்பாட்டு நேரம், பிறகு சுத்தம் செய்யும் நேரம், நாள்கணக்கில் காத்திருப்பது.

ஐந்தாவதைப் பலரும் யோசிப்பதில்லை. பாடம் முடிந்ததும் எந்தப் பிள்ளையாவது ஒதுக்கப்படுகிறதா? "அவன்கிட்ட கிருமி இருக்கு, தொடாதே" என்ற விளையாட்டு ஒரே இடைவேளையில் பிறந்துவிடும். மூக்கு ஒழுகும் பிள்ளை, போன வாரம் வாந்தி எடுத்த பிள்ளை, துவைத்துத் துவைத்துக் கறை போகாத சட்டை போட்டு வரும் பிள்ளை என்று யார் தலையிலாவது அது விடியும். அப்படி ஆனால் அந்தப் பாடத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம்.

## மிளகுத்தூளும் சோப்பும்

தட்டில் தண்ணீர். மேலே மிளகுத்தூள். விரல் நுனியில் ஒரு சொட்டுச் சோப்பைத் தொட்டுத் தண்ணீரில் வைத்தால், மிளகு நாலாபக்கமும் சிதறி ஓடும். இரண்டே நிமிட வேலை. செலவும் இல்லை, பிள்ளைகளின் "ஆ!" உத்தரவாதம்.

நான் முதலில் கைவிட்டது இதைத்தான். ஒரு முறை இதைச் செய்து காட்டிய அன்று மதியம், சாப்பிடுவதற்கு முன்னால் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சிறுமி வந்தாள். சுட்டுவிரல் நுனியால் மட்டும் சோப்பைத் தொட்டாள், அதைத் தண்ணீரில் ஒரு நொடி காட்டினாள், கையை உதறினாள். "அவ்வளவுதானா கண்ணு?" என்று கேட்டேன். "கிருமியெல்லாம் ஓடிடுச்சு டீச்சர்" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் காட்டியதைத்தான் அவள் செய்தாள்.

அங்கே நடப்பது பரப்பு இழுவிசை விளையாட்டு. சோப்புப் பட்ட இடத்தில் தண்ணீரின் இழுவிசை குறைகிறது. சுற்றியுள்ள தண்ணீர் தன் பக்கம் இழுக்க, மிதக்கும் மிளகும் கூடவே போகிறது. கிருமி சோப்பைக் கண்டு பயந்து ஓடுவதில்லை. சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடும் கொழுப்போடும் ஒட்டும். தேய்க்கும்போது அழுக்கும் எண்ணெய்ப்பசையும் அதில் சிக்கியிருக்கும் கிருமிகளும் தோலிலிருந்து பெயர்ந்து தண்ணீரோடு போகின்றன. ஃப்ளூ வைரஸ் போலக் கொழுப்பு உறை போர்த்தியவற்றின் உறையே கிழிந்துவிடும். ஆக வேலையைச் செய்வது தேய்ப்பதும் அலசுவதும். இந்தச் செய்முறையில் அந்த இரண்டுமே கிடையாது.

எப்போது இது நல்லது? பத்து வயதுக்கு மேல், அறிவியல் பாடத்தில், பரப்பு இழுவிசைக்காகவே செய்யும்போது. அங்கே இதற்கு இணை இல்லை. மிளகு பட்ட விரல் கண்ணுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

## ஜிகினாத் தூள்

கையில் கொஞ்சம் லோஷன், அதன் மேல் ஒரு சிட்டிகை ஜிகினா. அப்புறம் கை குலுக்கச் சொல்லுங்கள், பென்சில் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், கதவைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரே கையில் போட்டது பத்து நிமிடத்தில் வகுப்பு முழுக்க மின்னும். இதில் பிள்ளை பார்ப்பது உண்மை: தொட்டால் ஒட்டும், ஒட்டினது அடுத்தவருக்குப் போகும்.

இதன் உச்சம் கழுவும் இடத்தில் இருக்கிறது. பாதிப் பேர் வெறும் தண்ணீரில் கழுவட்டும், பாதிப் பேர் சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவட்டும். வெறும் தண்ணீரில் ஜிகினா அசைந்து கொடுக்காது. சோப்புப் போட்டவர்கள்கூட நகக்கண்ணில் இருப்பதை எடுக்கப் பாடுபடுவார்கள். "இருபது நொடி தேய்க்கணும்" என்று நான் நூறு முறை சொல்லிப் புரியாதது இங்கே சொல்லாமலே புரிகிறது. ஒட்டியிருப்பதை எடுக்க அவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கையே சொல்லிவிடுகிறது.

மறைந்த செலவும் இதில்தான் அதிகம். முதல் முறை செய்தபோது நான்கு நாள் கழித்தும் வருகைப் பதிவேட்டின் பக்கங்களுக்கு நடுவில் ஜிகினா மினுங்கியது. கதவுக் கைப்பிடியின் அடிப்பக்கம், ஒரு பையனின் புருவம், நாற்காலிக் கால்கள் என்று எங்கும் இருந்தது. பெரும்பாலான ஜிகினா பிளாஸ்டிக் துகள், கழுவினால் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. கண்ணில் விழுந்து தேய்த்துவிட்டால் கருவிழியைக் கீறவும் கூடும். அதனால் ஐந்து வயதுக்குக் கீழே ஜிகினாவைக் கையில் கொடுக்கவே மாட்டேன். அவர்களுக்குக் கலர் சாக்பீஸைப் பொடித்து, ஈரக்கையில் தடவி விட்டால் போதும். அது கழுவினால் சீக்கிரம் போய்விடும் என்பது உண்மைதான். இருந்தாலும் கையிலிருந்து கைக்கு ஒட்டிப் போவது தெரியும்.

## பிரெட்டில் பூஞ்சை

மூன்று பிரெட் துண்டுகள். ஒன்றைக் கழுவாத கையால் தொடுவது, ஒன்றைக் கழுவிய கையால் தொடுவது, ஒன்றைத் தொடாமல் விடுவது. மூன்றையும் ஜிப் கவரில் மூடிப் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டி, நாள்தோறும் பார்ப்பது. பார்ப்பதற்கு மிகவும் நம்பகமாகத் தெரியும் செய்முறை இது. பலரும் இதற்கே ஓட்டுப் போடுவார்கள், எனக்கும் ஒரு காலத்தில் இதன் மேல் அப்படி ஒரு பிரியம்.

ஒரு வருடம் கழுவிய கைத் துண்டில்தான் முதலில் பச்சை பூத்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்காத கை, அதன் ஈரம் பிரெட்டில் இறங்கிவிட்டது. பூஞ்சைக்கு ஈரம் என்றால் கொண்டாட்டம். பூஞ்சை வித்துகள் காற்றிலேயே மிதக்கின்றன, கவரை மூடும் முன்பே மூன்று துண்டிலும் விழுந்திருக்கும். கடைப் பிரெட்டில் பூஞ்சைத் தடுப்பான் சேர்த்திருந்தால் இரண்டு வாரம் ஆனாலும் ஒன்றும் முளைக்காது. முடிவு எப்படி வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பிள்ளைக்குச் சளியும் வயிற்றுப்போக்கும் தருபவை பெரும்பாலும் வைரஸ்களும் பாக்டீரியாக்களும். பிரெட்டில் முளைப்பது பூஞ்சை. வைரஸ் உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும், பிரெட்டில் பெருகவே பெருகாது. "கிருமி என்றால் பச்சையாக, பஞ்சு மாதிரி இருக்கும்" என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டால், பளபளவென்று இருக்கும் கதவுக் கைப்பிடி அதற்குச் சுத்தமாகத்தான் தோன்றும்.

ஆனாலும் இதை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம், "ஏன் நாம் நினைத்த மாதிரி வரவில்லை?" என்று கேட்கத் தயாராக இருந்தால் இதைவிடச் செழிப்பான செய்முறை கிடையாது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு துண்டு போதாது, ஐந்து வேண்டும். ஈரத்தைச் சமமாக்க வேண்டும். காத்திருக்க வேண்டும். அவதானிப்பும் பொறுமையும் கற்க இது நல்ல இடம், கை கழுவும் பழக்கத்துக்கு அல்ல. இரண்டு நிபந்தனைகள்: மூடிய கவரைத் திறக்கவே கூடாது, முடிந்ததும் மூடியபடியே குப்பைக்குப் போக வேண்டும். வகுப்பில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் இது இன்னும் கண்டிப்பு.

## ஒளிரும் லோஷனும் புற ஊதா டார்ச்சும்

சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு லோஷன். புற ஊதா டார்ச் அடித்தால் நீலமாக ஒளிரும். கையில் தடவி, வழக்கம்போலக் கழுவச் சொல்லி, இருட்டில் டார்ச் அடித்துக் காட்டுவது.

எனக்குப் பிடித்தது இதுதான், காரணத்தோடு சொல்கிறேன். மற்றச் செய்முறைகளில் கிருமிக்குப் பதிலாக வைப்பது முதலிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். இதில் மட்டும்தான், நன்றாகக் கழுவிவிட்டேன் என்று நம்பிய கையில் எது மிச்சம் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கிறது. ஒரு பையன் பெருமையோடு இரண்டு கைகளையும் நீட்டினான். டார்ச் அடித்ததும் உள்ளங்கை இருட்டாக இருந்தது, கழுவியிருந்தான். ஆனால் இரண்டு கட்டைவிரலும் முழுசாக ஒளிர்ந்தன. ஒவ்வொரு நகத்தைச் சுற்றியும் மெல்லிய நீல வளையம். அவன் ஒன்றும் பேசவில்லை. திரும்பிக் குழாயடிக்குப் போய், கட்டைவிரலை மறுகையால் பிடித்து முறுக்கி முறுக்கித் தேய்த்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியான முறை அதுதான் என்று கை கண்டுபிடித்துவிட்டது.

எல்லோருக்கும் விடுபடுவது அதே இடங்கள்தான்: கட்டைவிரல், விரல் நுனி, விரல் இடுக்கு, புறங்கை. எல்லாக் கையும் ஒளிர்வதால் யாரும் தனியாக "அழுக்குப் பிள்ளை" ஆவதில்லை. முதலில் என் கையை நீட்டி, எனக்கும் ஒளிர்வதைக் காட்டிவிடுவேன்.

செலவுகள்: லோஷனும் டார்ச்சும் வாங்க வேண்டும், அறையை இருட்டாக்க வேண்டும். டார்ச் ஆசிரியர் கையிலேயே இருக்க வேண்டும், கண்ணுக்கு நேராக அடிக்கவே கூடாது. தோல் அலர்ஜி உள்ள பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சலவைத்தூளில் துணியை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் பொருளும் இதே வெளிச்சத்தில் ஒளிரும், அதனால் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் பளீரென்று மின்னும். அது கிருமி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லோஷனும் கிருமி இல்லை, கிருமி மாதிரி நடிக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | மிளகு | ஜிகினா | பிரெட் | ஒளிரும் லோஷன் |
|---|---|---|---|---|
| மனதில் நிற்பது | சோப்பைக் கண்டால் கிருமி ஓடும் (தப்பு) | தொட்டால் பரவும் (சரி) | கிருமி என்றால் பூஞ்சை (பாதி சரி) | கழுவியும் மிச்சம் இருக்கும் (சரி) |
| கழுவுவதில் முடிகிறதா | இல்லை | ஆம் | இல்லை | ஆம், இரண்டு முறை |
| கவனிக்க வேண்டியது | கண் எரிச்சல் | கண்ணில் கீறல் | பூஞ்சை வித்து | டார்ச் வெளிச்சம், தோல் அலர்ஜி |
| மறைந்த செலவு | தப்பான படத்தை மாற்றுவது | நாள்கணக்கில் சுத்தம் செய்வது | வாரக்கணக்கில் காத்திருப்பது | பொருள், இருட்டறை |
| பொருத்தமான வயது | 10க்கு மேல் | 5 முதல் 8 | 8க்கு மேல் | 5க்கு மேல் எல்லோருக்கும் |

லோஷனுக்கு வழியில்லை என்றால் ஜிகினா. அதுவும் முடியாவிட்டால் சாக்பீஸ் தூள். இதுதான் என் வரிசை.

## எதுவும் வாங்க முடியாதபோது: ஒரு கதை

17ஆம் நூற்றாண்டில் ஆன்டனி வான் லீவன்ஹுக் என்ற துணி வியாபாரி தானே லென்ஸ் தேய்த்து நுண்ணோக்கி செய்தார். 1683இல் தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை மாவைச் சுரண்டி வைத்துப் பார்த்தபோது, அதில் குட்டிக்குட்டி உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. இந்தக் கதையைச் சொன்னால், "அப்போ என் வாயிலும் இருக்கா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கிறது, வயிற்றிலும் இருக்கிறது, பெரும்பாலானவை தொல்லை தருவதில்லை, சில நமக்கு உதவியே செய்கின்றன. கிருமி என்றால் பயப்படும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். கையைக் கழுவிக் கழுவித் தோல் உரியும் அளவுக்குப் பயந்த பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இக்னாஸ் செம்மெல்வைஸ் கதை. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில், பிணக்கூறு ஆய்வு முடித்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் சுமார் 2 சதவீதமானது. கிருமிதான் காரணம் என்று அவருக்கே தெரியாத காலம் அது. மரணம் வரும் கதை என்பதால் சின்ன வகுப்புகளுக்கு வேண்டாம்.

## வாசலில் சோப்பா, சானிடைசரா?

தண்ணீர் வசதி இருந்தால் சோப்பு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

சானிடைசரில் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் பல கிருமிகளை அது நன்றாகவே கொல்கிறது. ஆனால் பள்ளிகளில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பரவும் நோரோவைரஸிடம் அது பலவீனம். மண், எண்ணெய், ஒட்டிய உணவு இருக்கும் கையில் அது சரியாக வேலை செய்யாது. விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாயில் போனால் நஞ்சு, நெருப்புப் பட்டால் பற்றும். எனவே சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர் கையால்தான் கொடுக்க வேண்டும், பாட்டில் உயரத்தில் இருக்க வேண்டும்.

சோப்பின் மறைந்த செலவு நேரம். முப்பது பிள்ளைகள், இரண்டு குழாய், ஆளுக்கு இருபது நொடி தேய்த்து அலசித் துடைத்தால் கால் மணி நேரத்தை விழுங்கிவிடும். இதைக் கால அட்டவணையில் எழுதி வைக்காவிட்டால் மூன்றாம் நாளே சுருங்கி, அடுத்த வாரம் மறைந்துவிடும். துடைப்பதற்கும் வழி வேண்டும்: ஈரக்கை உலர்ந்த கையைவிட எளிதாகக் கிருமியை வாங்கும், கொடுக்கும். எல்லோருக்கும் ஒரே துண்டு என்றால் கழுவிய வேலை வீண். தண்ணீர் குளிர்ந்ததா வெதுவெதுப்பா என்பது பெரிய விஷயமில்லை.

பயணத்தில், மைதானத்தில், தண்ணீர் நின்றுபோன நாளில் சானிடைசர் நல்லது. கை உலரும் வரை தேய்க்கச் சொல்லுங்கள், சட்டையில் துடைக்க விடாதீர்கள்.

சோப்பு இருந்தும் பிள்ளைகள் கழுவுவதில்லை என்ற புலம்பலுக்கு ஒரு பதில் உண்டு. வங்காளதேசத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில், கழிவறையிலிருந்து கை கழுவும் இடம் வரை தரையில் கால் தடங்களும், கழுவும் இடத்தில் கை அச்சுகளும் வரைந்தார்கள். பாடமும் இல்லை, அறிவுரையும் இல்லை. முன்பு 4 சதவீதம் பேர் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், வரைந்து முடித்த மறுநாள் 68 சதவீதம், ஆறு வாரம் கழித்து 74. சின்ன அளவில் நடந்த ஆய்வுதான். இருந்தாலும் இதைப் படித்த பிறகு, என் செய்முறைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைத் தரையில் பாதம் வரைவதற்கு ஒதுக்கிவிட்டேன்.

## மேசையைத் துடைக்க

தினசரிக்குச் சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். பலர் தொடும் கைப்பிடி, சுவிட்ச், குழாய், மேசை விளிம்பு முதலில். இந்த வேலையைப் பிள்ளைகளும் செய்யலாம், ஆசையாகச் செய்வார்கள்.

பிளீச் கரைசல், வாந்தியோ வயிற்றுப்போக்கோ நடந்த இடத்துக்கு. அப்போது அது கட்டாயம் வேண்டும், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவர் கையுறையோடு செய்ய வேண்டும். அழுக்கை முதலில் துடைத்தெடுக்காமல் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். ஊற்றியதும் துடைப்பதும் வீண், பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை இடம் ஈரமாக இருக்க வேண்டும். கலவை அளவும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், அதையும் படித்துச் செய்யுங்கள். கலந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். அமிலமோ அமோனியாவோ சேர்ந்த வேறு எந்தக் கிளீனரோடும் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். தினமும் பிளீச் அடிக்கும் வகுப்பு அதிகப் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள், அந்த வாசனையில் இருமும் ஆஸ்துமாப் பிள்ளையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கிருமிநாசினி டிஷ்யூ பெரியவர்களுக்குச் சௌகரியம். பிள்ளைகள் கையில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது கை துடைக்க ஆனதல்ல.

இதில் எதுவும் காற்றில் பரவுவதைத் தடுக்காது. தட்டம்மை வந்த ஒருவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் அங்கே காற்றில் இருக்கும். ஜன்னலைத் திறந்து வைப்பதும், முழங்கை மடிப்பில் இருமப் பழக்குவதும், காய்ச்சல் பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்லப் பெற்றோரிடம் தயங்காமல் பேசுவதும் அங்கேதான் உதவும்.

அடுத்த வாரம் பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாள் மாலை குழாயடிக்குப் போய் உங்கள் வகுப்பிலேயே குள்ளமான பிள்ளையின் உயரத்துக்கு முட்டி போட்டுப் பாருங்கள். சோப்பு எட்டுகிறதா, குழாயைத் திருக முடிகிறதா, துடைக்க ஏதாவது தொங்குகிறதா? எட்டவில்லை என்றால் முதலில் ஒரு முக்காலி போடுங்கள், லோஷன் அப்புறம் வரட்டும்.